ஆறைக் கூட்டு

ஷெலுகிண்டோ போனில் ஆங்கிலம் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்டால் மட்டும் போதாது. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அவருடைய மேசை மூலையில் கிடக்கிறது. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் யாராவது அழைத்துவிட்டால் எழுந்து அறையின் நடுவுக்கு வந்துவிடுவார். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தலைமையாசிரியர் கொம்போவின் காதுக்கு நேராக நின்று பேசுவார். கொம்போவுக்கு ஆங்கிலம் அரைகுறை. பெருமையாகத் தலையாட்டுவதற்கு அது தாராளம்.

அன்றைக்கும் அப்படித்தான். சனிக்கிழமை பள்ளியில் விழா. எங்களுக்கு டேப்லெட்டுகள் கொடுத்த நிறுவனத்திலிருந்து இங்கிரிட் என்ற அம்மாள் வருவதாக இருந்தது. அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"யெஸ் மேடம். சாட்டர்டே, த்ரீ ஓ கிளாக். த்ரீ ஓ கிளாக் ஷார்ப், மேடம்."

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சிவப்புப் பேனா நின்றது.

விழா காலை மணி மூன்றுக்கு. அதாவது எங்கள் மூன்றுக்கு. இந்தக் கடற்கரையில் நாளைத் தொடங்கிவைப்பது சூரியன். அது எழுந்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று, மூன்று மணி நேரம் ஆனால் மணி மூன்று. கடிகாரத்தின் சின்ன முள் அப்போது ஒன்பதில் நிற்கும். அது எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், நாங்கள் மூன்று என்றுதான் சொல்வோம். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு அது ஒன்பது. அவர்களுடைய மூன்று வருவதற்குள் எங்கள் ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிடுவார்கள். மனிதர் வார்த்தையை மட்டும் ஆங்கிலமாக்கிவிட்டு மணியை அப்படியே விட்டுவிட்டார்.

'சார், ஒன்பதுன்னு சொல்லுங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். அடுத்த நோட்டை எடுத்துப் பிரித்தேன்.

எதற்காக விழுங்கினேன் என்றால், அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்த விழாவே என் விளையாட்டுக்கான விழா. அதில் எனக்குக் கொடுத்திருந்த வேலை, டீ ஆற்றுவது.

அந்த வருடத் தொடக்கத்தில் அந்த நாற்பது டேப்லெட்டுகளும் வந்தபோது உள்ளேயே விளையாட்டுகள் இருந்தன. குழந்தைகள் விளையாடிக்கொண்டே படிப்பார்கள் என்றார்கள். கூட்டல் கணக்குக்குச் சரியான விடை சொன்னால் பனியில் ஒரு பொம்மை உருண்டு எழுந்து நிற்கும். என் வகுப்பில் துனு என்று ஒரு பெண் இருக்கிறாள், கேள்வி கேட்பதில் எமகாதகி. அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த உப்பு மனுஷன் எதுக்கு நம்மளப் பாத்து சிரிக்கிறான்?" என்றாள். அதோடு அந்த விளையாட்டின் கதை முடிந்தது. குழந்தைகள் திரையைத் தடவிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள்.

விடுமுறையில் உட்கார்ந்து நானே ஒன்று செய்தேன். துண்டு துண்டாகக் கோத்து விளையாட்டு செய்ய இலவசமாக ஒரு மென்பொருள் கிடைக்கிறது. பள்ளியின் பழைய கணினியில் அதை ஏற்றி, அணைந்து போகப் போகத் திரும்ப உயிர் கொடுத்துச் செய்தேன். விளையாட்டு வேறெதுவும் இல்லை, எங்கள் பங்கானி ஆறுதான். இக்கரையில் ஒரு பெண் தேங்காயும் கருவாடும் வைத்துக்கொண்டு நிற்பாள். இரும்புப் படகில் ஏறி அக்கரைச் சந்தைக்குப் போய் விற்றுவிட்டுத் திரும்பவேண்டும். கூட்டல், கழித்தல், பங்கு பிரித்தல் எல்லாம் வழியிலேயே வந்துவிடும். ஒவ்வொரு கட்டமும் ஒரு படகுத்துறை, மொத்தம் ஐந்து துறைகள். கணக்குத் தப்பினால் ஓர் ஆடு வந்து படகுச் சீட்டைத் தின்றுவிட்டு 'ம்மேஏஏ' என்று கத்தும். படகு போய்விடும்.

அந்த ஆட்டுக் குரலுக்காகப் பக்கத்து வீட்டு ஆட்டின் பின்னால் ஒரு சாயங்காலம் முழுக்க அலைந்தேன். மற்ற நேரமெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற சனியன், போனை நீட்டியதும் வாயை மூடிக்கொண்டது. கடைசியில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நானே கத்திப் பதிவு செய்தேன். கடைசியில் லேசாக ஓர் இருமல் வரும், புகை. எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். குழந்தைகளுக்கு அந்த இருமல்தான் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆடு யார் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வாத்தியாரம்மாவுக்கு அந்த மட்டும் கௌரவம் வேண்டாமா?

ஐந்தாவது துறையை துனுவின் அப்பாவுக்காகச் செய்தேன். அவருக்குக் கடற்கரை விடுதி ஒன்றில் தோட்ட வேலை கிடைத்தது. முதல் நாள் 'செவன் ஓ கிளாக்' வா என்று மேலாளர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். துனுவின் அப்பா செவன் என்றால் ஏழு என்று தெரிந்த மனிதர். எங்கள் ஏழுக்கு, உச்சி வெயில் சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், சோம்பேறி என்று பட்டமும் கட்டி. துனு அந்த வாரம் முழுக்க வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதனால் ஐந்தாவது துறையில் இரண்டு கடிகாரங்கள் வைத்தேன். ஒன்று எங்கள் மணி, மற்றது அவர்கள் மணி. இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் ஆறைக் கூட்டினால் போதும், பன்னிரண்டைத் தாண்டினால் பன்னிரண்டைக் கழித்துவிடவேண்டும். தப்பினால் ஆடு சீட்டைத் தின்னும். கத்தும். இருமும். பிறகு என் குரல், 'ஆறைக் கூட்டு' என்று சொல்லும். என் வகுப்பு எண்பது பிள்ளைகளில் அந்தத் துறையைத் தாண்டாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. டேப்லெட் இல்லாத நேரத்திலும் மைதானத்தில் கோடு கிழித்து அதையே விளையாடுவார்கள். தோற்றவன் ஆடு மாதிரி கத்தவேண்டும்.

டேப்லெட் அலமாரியின் சாவி ஷெலுகிண்டோவிடம் இருந்தது. கணினிப் பொறுப்பு அவருக்கு. விளையாட்டை நாற்பதிலும் ஏற்றித் தரச் சொல்லி அவரிடம்தான் கொடுத்தேன். ஏற்றித் தந்தார். குறை சொல்லக்கூடாது, ஒழுங்காகத்தான் ஏற்றினார். நான்கு மாதம் கழித்து முதல் திரையைப் பார்க்கிறேன், 'சௌமு டீச்சரின் படகு' என்று நான் எழுதியிருந்த இடத்தில் அவருடைய படம். கோட்டு, டை, கையைக் கட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு. கீழே, உருவாக்கியவர் ஷெலுகிண்டோ.

அதை அப்படியே நிறுவனத்துக்கும் அனுப்பியிருந்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. மாவட்டம் முழுக்கக் கொடுக்கப் போகிறார்கள், இன்னும் அறுபது டேப்லெட்டுகள் தரப் போகிறார்கள், ஷெலுகிண்டோ ஊர் ஊராகப் போய் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்.

கொம்போவிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "ஒரே பள்ளிக்கூடம் டீச்சர். யார் பேர் இருந்தா என்ன? பேர் பள்ளிக்கூடத்துக்குத்தானே" என்றார். அப்படியானால் என் பேரே இருக்கட்டுமே என்றேன். அவர் ஒரு கோப்பை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். ஆனால் அதை அவர் மறக்கவில்லை.

அடுத்த வாரமே என் வகுப்புக்கு டேப்லெட் கிடையாது என்றார்கள். மூன்றாம் வகுப்பில் படிப்பை விட்டுவிட்டு விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஷெலுகிண்டோ எழுத்தில் புகார் கொடுத்திருந்தார். என் விளையாட்டை விளையாடியதற்காக என் மீதே புகார். அதன்மேல் ஏறி கொம்போ என்னை மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றச் சொல்லிப் பரிந்துரைத்தார். அங்கே மின்சாரமே கிடையாது. கையெழுத்துப் போடவேண்டியவர் வட்டாரக் கல்வி அதிகாரி ஸெய்தூனா அம்மாள். விழாவுக்கு வருகிறபோது, முடித்துவிட்டுப் போடுவதாகச் சொல்லியிருந்தார். நான் மலையேறிவிட்டால் 'அது என்னுடையது' என்று சொல்ல இங்கே ஆள் கிடையாது. ஷெலுகிண்டோ காரியத்தில் கெட்டி.

விழா வேலைகளைப் பிரித்தபோது, கொம்போ பக்கத்தில் தலையாட்ட, ஷெலுகிண்டோ எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். "சௌமு டீச்சருக்கு அடுப்படி. நல்லா ஏலக்காய் போட்டு டீ போடுவாங்க. அவங்க திறமைக்கு அதுதான் சரியான இடம்."

அடுப்படி எனக்கா? சரி, அடுப்படி என்னுடையதாகவே இருக்கட்டும் என்று அப்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. மாமரத்தடியில் நாற்காலிகள், நீலத் தார்ப்பாய்ப் பந்தல், வெள்ளைத் துணி விரித்த மேசையில் டேப்லெட்டுகள் வரிசையாக. என் பிள்ளைகளை முன்வரிசையில் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். நன்றாக விளையாடுகிறவர்கள் அவர்கள்தானே, காட்டுவதற்கு அவர்கள் வேண்டும். ஆனால் விருந்தாளி வரும்வரை யாரும் டேப்லெட்டைத் தொடக்கூடாது என்று ஷெலுகிண்டோ சொல்லிவிட்டார். விரல் தடம் படுமாம்.

ஸெய்தூனா அம்மாள் மணி மூன்றுக்கெல்லாம் வந்துவிட்டார். பருமனான உடம்பு, நேரம் தவறாத மனுஷி, சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவர். பிள்ளைகள் 'ஷிகமோ' என்று ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். உட்கார்ந்தார். விருந்தாளி வரவில்லை.

மணி நான்கு ஆயிற்று. படகுத்துறையில் கூட்டமாக இருக்கும் என்றார் ஷெலுகிண்டோ. மணி ஐந்து. கார் பழுதாகியிருக்கும் என்றார். போன் போட்டுக்கொண்டே இருந்தார், விருந்தாளியின் போன் கிடைக்கவில்லை. எனக்குத் தெரியும், அந்த அம்மாள் நடுக்கடல் மணல்திட்டில் குளித்துக்கொண்டிருந்தார். அவர் தங்கியிருந்த விடுதியின் படகோட்டி காலையில் என்னிடம்தான் இஞ்சி வாங்கிக்கொண்டு போனான், வெள்ளைக்கார அம்மாளைத் திட்டுக்குக் கூட்டிப்போவதாகவும், மத்தியானம் ஏதோ பள்ளிக்கூட விழா இருக்கிறதாம், அதற்குள் திரும்பவேண்டுமாம் என்றும் சொன்னான். அங்கே போன் எடுக்காது. நான் இறைச்சி போட்ட பிலாச் சோற்றுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டே ஷெலுகிண்டோவின் சட்டை முதுகில் ஈரம் பரவுவதைப் பார்த்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு அன்றைக்குத்தான் நன்றாகப் பசித்தது.

மணி ஆறுக்கு வெயில் தலைக்கு நேராக வந்தது. பிள்ளைகள் சுருண்டு போனார்கள். அவர்கள் பசி மட்டும்தான் என்னைச் சுட்டது, நான் வாயை மூடிக்கொண்டதற்கு அவர்கள் வயிறு காய வேண்டியதில்லை. பானையைத் திறந்தேன். கிராம்பும் பட்டையும் மணக்க மணக்க, விருந்தாளிக்கென்று ஆக்கிய இறைச்சி பிலாவைத் தட்டு தட்டாகப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினேன்.

கொம்போ ஓடிவந்தார். "என்ன பண்றீங்க டீச்சர்? அது விருந்தாளிக்கு."

"அடுப்படி என் பொறுப்புன்னு சொன்னீங்களே சார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் ஸெய்தூனா அம்மாளே ஒரு தட்டை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வந்ததிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் உருப்படியாக நடந்த காரியம் இது ஒன்றுதான் என்றார். ஷெலுகிண்டோ சாப்பிடவில்லை. படகுத்துறைக்கும் பள்ளிக்கும் நடந்து நடந்து அவருடைய பளபளப்பு ஷூ மண்ணாகிப் போயிருந்தது.

அறுபது டேப்லெட் என்ற ஒரே காரணத்துக்காக அதிகாரி எழுந்து போகாமல் இருந்தார். இல்லையென்றால் எப்போதோ படகேறியிருப்பார். வெயில் சாய்ந்தது. மணி ஏழு, எட்டு. அவர் நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அது திட்டுவதைவிட மோசம்.

மணி ஒன்பது ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது கார் வந்தது. இங்கிரிட் அம்மாள் குளித்து, தலை வாரி, பூப்போட்ட உடுப்பில் புத்தம் புதிதாக இறங்கினார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டோம், பார்த்தீர்களா என்றார்.

பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஸெய்தூனா அம்மாள் மெதுவாக எழுந்து ஷெலுகிண்டோவின் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு எத்தனை மணின்னு சொன்னீங்க?"

"மூணு மணின்னுதான் மேடம் சொன்னேன். த்ரீ ஓ கிளாக்னு தெளிவா சொன்னேன். வேணும்னா கொம்போ சாரைக் கேளுங்க, பக்கத்துலதான் இருந்தாரு."

கொம்போ வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

முன்வரிசையில் துனு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. விடை தப்பினால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். தலையைப் பின்னால் சாய்த்து, அடிவயிற்றிலிருந்து, "ம்மேஏஏ" என்று கத்தினாள். கத்திவிட்டு இருமினாள். அடுத்த கணம் எண்பது பிள்ளைகளும் கத்தினார்கள். எண்பதும் இருமின. பிறகு எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் சொன்னார்கள்.

"ஆறைக் கூட்டு!"

ஷெலுகிண்டோவின் முகத்தில் ரத்தம் சுண்டிப் போனதை நான் அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன். கையில் அகப்பை. அந்த முகத்தைப் பார்க்க இன்னும் ஆறு மணி நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

அதிகாரி துனுவைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டார். ஐந்தாவது துறை என்றாள் துனு. நம் மூன்றை அவர்களிடம் ஒன்பது என்று சொல்லவேண்டும், சார் ஆறைக் கூட்டாமல் விட்டுவிட்டார், அதனால் ஆடு சீட்டைத் தின்றுவிட்டது என்று விளக்கினாள். தன் அப்பாவின் சீட்டையும் ஒருமுறை தின்றுவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னாள். ஸெய்தூனா அம்மாள் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பிறகு மேசையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து ஷெலுகிண்டோவிடம் நீட்டினார். "நீங்க பண்ணின விளையாட்டுதானே. அந்த ஐந்தாவது துறையை விளையாடிக் காட்டுங்க."

அவர் வாங்கினார். ஐந்தாவது துறையைத் தேடுவதற்கே நேரம் பிடித்தது. இப்போதுதான் உறைத்தது எனக்கு, இந்த மனுஷன் தன் பெயரைப் போட்ட விளையாட்டை ஒருமுறைகூட விளையாடியதில்லை. முதல் திரையோடு சரி, அவர் படம் இருப்பது அங்கேதானே. ஒரு முள்ளை நகர்த்தினார். ஆடு கத்தியது, இருமியது, பிறகு டேப்லெட் 'ஆறைக் கூட்டு' என்றது. மறுபடி நகர்த்தினார், ஆறைக் கூட்டாமல் கழித்திருக்கவேண்டுமோ என்று குழம்பி எங்கோ வைத்தார். மறுபடி கத்தியது. வெயிலில் திரை தெரியவில்லை என்றார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இங்கிரிட் அம்மாளுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கவேண்டும், அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஷெலுகிண்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடு நல்லா கத்துதே, இது யாரோட ஆடு?" என்று கேட்டார் ஸெய்தூனா அம்மாள். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எங்க மாமா ஊர்ல மேடம். அவர் வளர்க்கிற ஆடு. நானே நேர்ல போய்ப் பதிவு பண்ணினேன்."

நான் இதற்கு என்ன செய்யவேண்டும் என்று யோசிக்கவேயில்லை. அகப்பையோடு பந்தலுக்கு நடுவில் போய் நின்றேன். மேலெல்லாம் புகை, இடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கேறிய காங்காத் துணி. மூச்சை இழுத்து, அந்த அடுப்படியில் கத்தியது போலவே கத்தினேன்.

"ம்மேஏஏ." பிறகு இருமினேன். காலையிலிருந்து விறகுப் புகை குடித்திருந்ததால் இருமல் தானாகவே வந்தது.

துனு எழுந்து நின்று, "டீச்சர்தான் ஆடு" என்றாள். பிள்ளைகள் பந்தலையே பிய்த்துவிட்டார்கள். என் கௌரவம் போயிற்று. போகட்டும், அதைப் போல நல்ல விலைக்கு நான் எதையும் விற்றதில்லை. 'ஆறைக் கூட்டு' என்பதையும் அதே குரலில் சொன்னேன். யாருக்கும் அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

"உங்க மாமாவோட ஆடு பாடமும் நடத்துது போல" என்றார் அதிகாரி ஷெலுகிண்டோவிடம். அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கினார். அதை என் கையில் வைத்து, என் கை விரல்களை அவரே மடக்கிவிட்டார். கொம்போ மாற்றல் தாளைப் பையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எடுத்துப் பாதி உள்ளே வைத்துக்கொண்டு நின்றார். ஸெய்தூனா அம்மாள் அதை வாங்கி நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். யார் பெயரில் அது திரும்பி வரும் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து கொம்போவுக்குத் தூக்கம் சரியில்லை என்று கேள்வி.

இங்கிரிட் அம்மாள் என்னோடுதான் படம் எடுத்துக்கொண்டார். பசிக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பானையைச் சுரண்டிக் காந்தலும் சூடாக டீயும் கொடுத்தேன். ஏலக்காய் நிறையப் போட்டு. காந்தல்தான் பிலாவிலேயே ருசி என்று சொல்லிவைத்தேன், நம்பிச் சாப்பிட்டார்.

எல்லோரும் போனபிறகு கொம்போ என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு அப்போதுதான் கணக்குக் கூடியிருந்தது.

"டீச்சர், அவரு போன்ல பேசினப்ப நீங்க ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தீங்க. உங்களுக்குக் கேட்டிருக்கும். தப்புன்னும் தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அந்த விளையாட்டைச் செஞ்சவரு அவருன்னு நீங்கதானே சார் ஒத்துக்கிட்டீங்க," என்றேன். "செஞ்சவருக்கே நான் மணி பாக்கச் சொல்லித் தர்றதா? என் திறமைக்கு அடுப்படிதானே?"

அவர் தலையாட்டவில்லை. எனக்குத் தெரிந்து அவர் தலையாட்டாதது அன்றைக்குத்தான்.

முதல் திரையில் இப்போது என் பெயர் இருக்கிறது. படம் போடவில்லை, ஆட்டின் படம்தான். மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் என்னைப் போலக் கத்துகிறார்கள். ஷெலுகிண்டோ இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறார். அவருடைய ஏழாம் வகுப்புக்கு டேப்லெட் வேண்டுமென்றால் என் மேசைக்கு வந்து நின்று சாவி கேட்கவேண்டும். கேட்கிறபோது என் முகத்தைப் பார்க்கமாட்டார், ஜன்னலைப் பார்ப்பார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வேணும்" என்பார்.

நான் திருத்துகிற நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், அறையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"எந்த நாலு சார்? நம்ம நாலா, அவங்க நாலா?"